மின்னிசை அந்நியமும் அன்று, அற்பமும் அன்று

சங்கீதத்தைப் பற்றி நம்மவர்களிடையே வேரூன்றிப்போன அபிப்பிராயங்களுள் ஒன்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மின்சாரக் கருவிகளாலும் கணினியாலும் உண்டாக்கப்படும் இசை நம் மண்ணுக்கு உரியதன்று என்பது அந்த அபிப்பிராயத்தின் முதற் கூறு. அதில் மனிதனுடைய கைத்திறமோ இருதயமோ இல்லை, பொத்தானை அழுத்தினால் யந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்பது இரண்டாவது. அதற்கு ஹவுஸ் என்றும் டெக்னோ என்றும் டப்ஸ்டெப் என்றும் நூறு பெயர்களைச் சூட்டி, அவற்றின் பூர்வோத்தரங்களை இணையத்தில் துருவிக்கொண்டிருப்பது வேலையற்றவர்களின் வீண் பொழுதுபோக்கு என்பது மூன்றாவது. சபா ரஸிகர்கள் இதைச் சொல்லுகிறார்கள். படித்த பெரியவர்கள் சொல்லுகிறார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களும் சொல்லுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர்ப் பக்கத்து ஆலைகளிலோ ஷிப்ட் முடித்துவிட்டு, மின்சார ரயிலில் இயர்போனை மாட்டிக்கொண்டு இந்த இசையைக் கேட்கும் இளைஞன் ஒருவனைக் காணும்போது, அதே அபிப்பிராயம் மேலும் கடுமையாகி, ‘இவனுக்கு இது எதற்கு?’ என்ற கேள்வியாக உருவெடுக்கிறது.

இம்மூன்று கூறுகளும் பிழையானவை என்பது மட்டுமன்று, மின்னிசையின் வரலாற்றை அறிந்துகொள்ள மற்ற எவரைக் காட்டிலும் இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்து இளைஞர்களுக்கே அதிக உரிமையும் அதிகப் பயனும் உண்டு என்பது என் வாதம். அதை ஒவ்வொன்றாக எடுத்து நிறுவ முற்படுகிறேன்.

அந்நியம் என்ற ஆட்சேபத்துக்கு விடை தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் அருகே இருக்கிறது மணலி. அண்மைக் காலம் வரையில் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். இன்று அதன் பெயரைக் கேட்டால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். ஆனால் சங்கீத சரித்திரத்தில் அவ்வூருக்கு வேறொரு கீர்த்தி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணலி முத்துகிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் அவர் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் ராமசுவாமி தீக்ஷிதரின் குடும்பத்தை அங்கே ஆதரித்துவந்த நாளில், தீக்ஷிதரின் குமாரர்களில் ஒருவரான பாலுசுவாமி, முதலியாரின் ஏற்பாட்டால் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் நுழைந்த வாசல்களில் தலையாயது அதுவே. அவருடைய தமையனார் முத்துசுவாமி தீக்ஷிதரோ, வெள்ளைக்காரர் பாண்டில் வாசித்த மெட்டுக்களைச் செவியால் வாங்கிக்கொண்டு அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார்; நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் அந்த உருப்படிகளுள் ஒன்று, ஆங்கில மன்னரின் வாழ்த்துப்பாட்டு மெட்டிலேயே அமைந்தது. இந்த மகான்தான் தம் முதற் கிருதியைத் திருத்தணி மலையில் பாடினார் என்பது சம்பிரதாயம். திருத்தணியும் இதே மாவட்டத்து ஊர். அந்நிய வாத்தியத்தையும் அந்நிய மெட்டையும் அஞ்சாமல் எடுத்து ஆண்டவர்கள் உலவிய பூமியில் நின்றுகொண்டு, ஒரு கருவி கடல் கடந்து வந்தது என்பதனாலேயே அதன் இசை நமக்கு ஆகாது என்று சொல்லுவது, நம் முன்னோரின் துணிவை மறந்த பேச்சாகும்.

ஆர்மோனியத்துக்கு நேர்ந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கமகங்களுக்கு இடம் கொடாத அந்நியப் பெட்டி என்று அதை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் விலக்கிவைத்தது. அந்த விலக்கு தளர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே காலத்தில் நாடக மேடையும் பஜனை மடமும் ஆர்மோனியத்தைத் தம் உடைமையாகவே வைத்துக்கொண்டிருந்தன. இன்றைக்குக் கச்சேரி மேடையில் தம்பூராவின் பக்கத்தில், பல வேளைகளில் தம்பூராவுக்குப் பதிலாகவே, சுருதி கூட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டி எது? பெங்களூரில் பொறியாளராகவும் புல்லாங்குழல் வாசிப்பவராகவும் இருந்த ஜி. ராஜ் நாராயண் போன்றவர்களின் முயற்சியால் 1970களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய மின்னணுக் கருவி அது. மின்சுருதியின் மேல் நின்று தோடி பாடுகிறவர்கள், மின்சாரத்தில் பிறந்த ஒலிக்கு ஜீவன் இல்லை என்று எங்ஙனம் சொல்ல முடியும்?

மின்னிசை என்ற கலையிலேயே இந்தியரின் பங்கு பிந்தியதன்று. ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியால், மூக் சிந்தசைசர் என்னும் மின்னொலிக் கருவி கொண்ட ஒரு கூடம் ஏற்பட்டது. கீதா சாராபாய், ஐ. எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஒலிநாடாவில் செய்துவைத்த ஆக்கங்கள் பல்லாண்டுகள் நிறுவனத்தின் ஆவணக் கிடங்கில் கவனிப்பாரற்றுக் கிடந்து, பால் பர்கஸ் என்பவரின் தேடலால் வெளிப்பட்டு, 2023இல் உலகத்தின் காதுக்கு எட்டின. அவற்றுக்கு அடுத்து, பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நம் மோகனத்துக்கு இணையான பூபாளி, ஹிந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ், கல்யாணிக்கு இணையான யமன் ஆகியவை அதில் உண்டு. அன்று அது விலைபோகவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சிகாகோ நகரத்து இளைஞர்கள் ஆஸிட் ஹவுஸ் என்ற பிரிவைத் தோற்றுவித்தபோது கையாண்டதும் அம்மூன்று கருவிகளுள் ஒன்றையே. இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களல்லர். ஆயினும் 2010இல் அந்த இசைத்தட்டு மறுபதிப்புக் கண்டபொழுது, இது எப்படி அப்பொழுதே பம்பாயில் நிகழ்ந்தது என்று மேல்நாட்டு ரஸிகர்கள் வியந்து நின்றார்கள். நாமோ, நம் வீட்டுச் சொத்தை அயலார் சொத்தென்று ஒதுக்கிக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டின் கதை யாவரும் அறிந்தது. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். ஆர். கே. சேகர் 1976இல் காலமான பின், அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டு ஜீவனம் நடத்திய குடும்பத்திலிருந்து எழுந்த ஏ. ஆர். ரஹ்மான், கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த சிறு கூடத்தில் அமைத்த ‘ரோஜா’வின் இசை 1992இல் நாட்டையே தன்பால் திருப்பியது. அந்தப் பாட்டுக்களைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த தலைமுறையைப் பார்த்து, மின்னிசை உனக்கு அந்நியம் என்று சொல்லுவது பொருந்தாப் பேச்சு.

இனி, யந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்ற இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருவோம். இதைச் சொல்லுகிறவர்களுக்கு அந்த யந்திரங்களுள் ஒன்றையேனும் அருகில் வைத்துக் காட்ட விரும்புகிறேன். ரோலண்ட் கம்பெனி 1981 வாக்கில் கொண்டுவந்த டிபி-303 என்பது, கிட்டார் வாசிப்பவர் தனியே சாதகம் செய்யும்போது பேஸ் கிட்டாரின் பக்கவாத்தியத்தை அளிப்பதற்காகச் செய்யப்பட்ட, கைக்கு அடக்கமான வெள்ளி நிறப் பெட்டி. கீழே ஒரு ஸ்தாயி அளவுக்குப் பொத்தான்கள். மேல் வரிசையில் ஆறு சிறு திருகுகள். ஓர் ஆவர்த்தத்துக்குப் பதினாறு அடிகள் வரை ஸ்வரங்களைப் பதித்துவைத்தால், நிறுத்தும்வரையில் அது அவற்றையே வாசித்துக்கொண்டிருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடையறாது வழுக்கிச் செல்லவும் அதற்குத் தெரியும். ஆனால் உண்மையான பேஸ் கிட்டாரைப் போல அது கொஞ்சமும் ஒலிக்கவில்லை. வாங்குவாரின்றி, 1984இல் அதன் உற்பத்தியே நின்றது. பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்த அந்தத் தோற்றுப்போன பெட்டியை மலிவாக வாங்கிய சிகாகோ இளைஞர்கள், ஸ்வரக் கோவையை ஓடவிட்டு, மேல் வரிசைத் திருகுகளைக் கையால் மெல்லத் திருகிப் பார்த்தார்கள். ஒலியின் மேற்புற அதிர்வெண்களுள் எவ்வளவு வெளியே வரலாம் என்று தீர்மானிப்பது ஒரு திருகு. அந்த எல்லையில் உள்ள அதிர்வெண்களைக் கூர்மையாக்கி ஓலமிடச் செய்வது மற்றொன்று. ஸ்வரங்கள் மாறாதிருக்க, ஒலியின் உருவம் மட்டும் அழுவதாகவும் சிரிப்பதாகவும் சீறுவதாகவும் மாறிக்கொண்டே வந்தது. ப்யூச்சர் என்ற குழு 1987இல் வெளியிட்ட ‘ஆஸிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்ததுதான். ஒரே வரியை வைத்துக்கொண்டு நிரவலில் மனோதர்மத்தைக் காட்டுகிற சங்கீதத்தில் ஊறியவர்கள், ஒரே கோவையை வைத்துக்கொண்டு அதன் நாதத்தை விரிக்கிற மனோதர்மத்தை அடையாளங் கண்டுகொள்ளக் கூடாதா? பெட்டியைச் செய்தவர்கள் நினைத்தும் பாராத ஒன்றை அதிலிருந்து எடுத்தது மனிதனின் காதும் கையும் அன்றோ?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பாரின் நியாயமான துயரம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சிந்தசைசர் வந்த பிறகு, சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் வரிசையாக அமர்ந்து வயலின் வாசித்த வித்துவான்களும், தபேலாவும் டோலக்கும் வாசித்தவர்களும் பிழைப்பை இழந்தார்கள். அது மெய்யான நஷ்டம். கலைக்கும் நஷ்டம், குடும்பங்களுக்கும் நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்தை விளைவித்தது எது என்று சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் வாசிப்பதற்குப் பதிலாக நாற்பது பேர் வாசித்ததைப் போன்ற ஒரு சாயலைச் சிக்கனமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கே அதை விளைவித்தது. வயலினைப் போலப் பாசாங்கு செய்கிற கீபோர்டு வேறு. இதுவரை பிரபஞ்சத்தில் இல்லாத ஒரு நாதத்தைத் தேடுகிற மின்னிசை வேறு. பேஸ் கிட்டாராக முயன்று தோற்ற பெட்டியிலிருந்து ஆஸிட் ஹவுஸும், மெய்யான டிரம்மைப் போல ஒலிக்காததால் முதலில் இகழப்பட்ட டிஆர்-808 என்ற தாளப்பெட்டியிலிருந்து எலக்ட்ரோ என்ற பிரிவும் பிறந்தன என்றால், போலி செய்வதைக் கைவிட்ட இடத்திலேதான் இக்கலை தொடங்குகிறது என்று அதன் சரித்திரமே சாட்சி சொல்லுகிறது. வித்துவான்களின் இடத்தைப் பறித்த போலியைக் கண்டிக்க விரும்புகிறவருக்கு, போலி எது, படைப்பு எது என்று பிரித்தறியும் விவேகம் வேண்டும். அந்த விவேகத்தை அளிப்பது இதே வரலாற்றைப் படிப்பதுதான்.

மூன்றாவது ஆட்சேபம், பிரிவுகளும் அவற்றின் பெயர்களும் வீண் என்பது. எல்லாம் ஒரே ‘டம் டம்’ சத்தம் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: தன்யாசியையும் தோடியையும் பிரித்தறியாத ஒருவர், எல்லாம் ஒரே இழுவை என்று நம் சங்கீதத்தைப் பற்றிச் சொன்னால், அது அவருடைய செவியின் குறையே அன்றி ராகத்தின் குறை ஆகாது. மேளகர்த்தா எழுபத்திரண்டு என்றும், நடை சதுச்ரம், திச்ரம், மிச்ரம், கண்டம், சங்கீர்ணம் என்றும் வகுத்துப் பெயரிட்டு, பெயரைக் கொண்டே செவியைப் பழக்கிய பரம்பரையில் வந்தவர்கள், பிறர் வகுத்த பாகுபாடுகளைக் கண்டு நகைப்பது முறையன்று.

அந்தப் பாகுபாடுகளோ வெறும் கடைப்பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு ஜனக்கூட்டத்தின் இடப்பெயர்ச்சியையும் ஜீவனத்தையும் தன்னுள் அடக்கியது. ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரத்தில் ரேடியோவும் ஒலிபெருக்கியும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி என்பவர், பதிவான பாட்டிலிருந்து குரலை நீக்கி, பேஸையும் டிரம்மையும் முன்னுக்குக் கொணர்ந்து, எதிரொலியைக் கலந்து டப் என்ற வகையை வளர்த்தார். அத்தீவிலிருந்து பிழைப்பு தேடி இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்கள் அந்த ரசனையைக் கொண்டுசென்றார்கள். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு பதிவு செய்த ஒரு பாட்டின் இடையே வரும் சில விநாடி டிரம் வாசிப்பை எடுத்து, வேகத்தைக் கூட்டி, துண்டுதுண்டாக வெட்டி மாற்றியடுக்கி, அதனடியில் ஜமைக்காவின் கனத்த பேஸை நிறுத்தியபோது 1990களின் தொடக்கத்தில் ஜங்கிள் பிறந்தது. அது டிரம் அண்ட் பேஸ் என்று வளர்ந்து, நிமிஷத்துக்கு நூற்றெழுபது அடிகள் என்னும் அளவில் ஓடியது. அடுத்த பத்தாண்டில் தென் லண்டனின் கிராய்டன் பகுதியில் தோன்றிய டப்ஸ்டெப், நிமிஷத்துக்கு நூற்றுநாற்பது அடி ஓட்டத்தை வைத்துக்கொண்டே, டிரம்மின் அடியை அரைக் காலமாகத் தளர்த்தி, இடைவெளிக்கு ஒரு கனத்தை உண்டாக்கியது. காலப்பிரமாணத்தின் இந்த நுட்பத்தை நம் மிருதங்க வித்துவான் ஒருவர் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். சிகாகோவின் ஹவுஸ் இசையோ, வேறெங்கும் கௌரவமாக வரவேற்கப்படாத கறுப்பினத்தவரும் தற்பாலினத்தவரும் கூடி ஆடிய மண்டபங்களிலிருந்து வந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, பத்துப் பேர் ஓர் அறையில் தங்கி, போஜ்புரிப் பாட்டையும் நாக்புரி டிஜே ரீமிக்ஸையும் கைப்பேசியில் கேட்டுக்கொண்டு வேலை செய்யும் தொழிலாளர்கள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் ஒலியைத் தங்களுடன் எடுத்துவந்து புது ஊரில் புது உருவம் கொடுக்கும் அந்தச் சரித்திரத்தை அற்பம் என்று யார் சொல்ல முடியும்? ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அகதியாக லண்டனுக்குச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், மாயா என்றும் எம்.ஐ.ஏ. என்றும் அறியப்படுபவர், தம் முதல் இசைத்தொகுப்புக்கு ரோலண்ட் எம்சி-505 என்ற கருவியைத் துணையாகக் கொண்டு, 2005இல் உலக மேடையில் நின்றார். ஈழ அகதிகளின் முகாம் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறது என்பதை நினைவூட்டுவதே போதும்.

தொழிற்பேட்டை இளைஞனுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு, இதுவரை சொன்னவற்றைக் காட்டிலும் வலுவான விடை ஒன்று உண்டு. இக்கலை அதிகமாகச் செழித்த இடங்கள் ராஜசபைகள் அல்ல, ஆலை நகரங்கள்; யந்திர ஓசையும் அதற்கு மூலப்பொருளாயிற்று. 1948இல் பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியேர் ஷேபர் ரயில் இஞ்சின்களின் ஓசையைத் தட்டில் பதித்து, அதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, வெட்டி இணைத்து ஓர் இசைப்படைப்பாக ஒலிபரப்பினார். தொழில்வளம் மிக்க ரைன் நதிக்கரையில் உள்ள டுசல்டார்பிலிருந்து கிராப்ட்வெர்க் குழு எழுந்தது. 1977இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தொகுப்பு ரயிலின் தாளத்தையே அடிநாதமாகக் கொண்டது. மோட்டார் கார் உற்பத்தியின் தலைநகராக இருந்து ஆலைகள் மூடிக்கொண்டே வந்த டெட்ராய்ட்டில், ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் டெக்னோவுக்கு உருக்கொடுத்தார்கள். எஃகுக்குப் பேர்போன ஷெபீல்டில், வார்ப் என்ற இசைத்தட்டுக் கம்பெனி 1989இல் தன் முதல் வெளியீடாகக் கொணர்ந்ததைச் செய்த குழு, அவ்வூரில் இரும்பு காய்ச்சி அடிக்கும் ஆலையின் பெயரையே, ‘போர்ஜ்மாஸ்டர்ஸ்’ என்று தனக்குச் சூட்டிக்கொண்டது.

இப்பொழுது கும்மிடிப்பூண்டியின் ரோலிங் மில் ஒன்றைச் செவியால் பாருங்கள். உலையிலிருந்து பில்லெட் என்னும் எஃகுக் கட்டி செக்கச்சிவந்து வெளிவந்து உருளைகளின் வாயிற் புகும்போது ஒரு கனத்த அடி. பளு ஏறியதும் மோட்டாரின் முரற்சி சற்றே இறங்கி, கம்பி வெளியேறியதும் பழைய சுருதிக்கு ஏறுகிறது. ஒவ்வொரு முறை உருளைக்குள் சென்று வரும்போதும் கம்பி மெலிந்து நீளுவதால் அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள காலம் மாறுகிறது. கடைசியில் முறுக்குக் கம்பிகள் ஆறவைக்கும் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக விழும்போது மெல்லிய உலோக நாதம் எழுகிறது. பேரிங் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்பதைச் சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடும் பிட்டர்கள் அங்கே இருக்கிறார்கள். அது கேள்வி ஞானத்தின் ஒரு வகையே. அந்த இரைச்சல் காதைக் கெடுக்கக்கூடியது என்பதையும், காதுக்காப்பு இன்றி எவரையும் அதனடியில் நிறுத்தக்கூடாது என்பதையும் நான் மறக்கவில்லை. துன்பத்தை அலங்கரிப்பது என் நோக்கமன்று. அந்தத் துன்பத்தினிடையே பெற்ற செவிக்கூர்மை, மின்னணுக் கருவியைப் பிரித்துப் பூட்டும் பயிற்சி, மூன்று ஷிப்ட்டின் காலக்கணக்கு ஆகிய யாவும் ஒரு கலைக்கு மூலதனமாக முடியும் என்பதையும், வேறு ஆலை நகரத்து இளைஞர்கள் அவ்வாறே ஆக்கினார்கள் என்பதையும் அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதே என் பேச்சு. அந்த அறிவு எந்தப் பாடசாலையிலும் அவர்களுக்குக் கிடைக்காதபோது, கையிலுள்ள கைப்பேசியில் அதைத் தேடுகிறார்கள். ஒரு பாட்டிலிருந்து அதன் மூலத்துக்கும், மூலத்திலிருந்து அந்த ஊரின் கதைக்கும் செல்லுகிறார்கள். அதை வீண் என்பவர்கள், சரித்திர ஞானம் காசும் ஓய்வும் உள்ளவர்களுக்கே உரியது என்று சொல்லாமற் சொல்லுகிறார்கள்.

நள்ளிரவில் ஒலிபெருக்கியை அலறவிட்டு அயலாரின் தூக்கத்தைக் கெடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. நாகஸ்வரமும் அவ்வேளையில் ஒலிபெருக்கியில் வந்தால் தொல்லையே. குற்றம் அளவில் இருக்கிறது, கலையில் இல்லை. அதை ஒதுக்கிவிட்டால், எதிர்த்தரப்பில் எஞ்சுவது கேளாத காதின் வெறுப்பு ஒன்றே. செய்யத்தக்க காரியங்களோ எளியவை. எலக்ட்ரானிக்ஸ் கற்பிக்கும் ஐ.டி.ஐ.களில் ஒரு சிறு சிந்தசைசரைப் பூட்டிப் பார்ப்பதைச் செய்முறைப் பயிற்சியாக வைக்கலாம். பொது நூலகங்களில் கணினி இருக்குமிடத்தில் ஹெட்போன் இரண்டு வைக்கலாம். இசைப் பள்ளிகளில் மணலியின் வயலினைச் சொல்லும் அதே பாடத்தில் ஆமதாபாத்தின் மூக் சிந்தசைசரையும் சரண்ஜித் சிங்கின் ராகங்களையும் சொல்லலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. இந்த இசையைப் பழிக்கும் பெரியவர்களிடம் நான் வேண்டுவது அதனினும் சிறிது: சிகாகோவின் ஒரு பதிவையும், டெட்ராய்ட்டின் ஒரு பதிவையும், பம்பாயின் ஹிந்தோளத்தையும் அடுத்தடுத்து முழுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு தீர்ப்புச் சொல்லட்டும். கேளாமல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்த ரஸிகருக்கும் இல்லை. கேட்பவனைத் தடுக்கும் அதிகாரமோ எவருக்குமே இல்லை.